ஊரின் பழைய படங்கள்

ஓர் ஊரின் பழமையை அறிய விரும்புவோர் கோயிற் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் நாடுவர். அவை மன்னர் அளித்த கொடையையும் நிலத்தின் எல்லையையும் கூறும். ஆனால், நூறாண்டுகளுக்கு முன் அவ்வூரின் கடைத்தெரு எவ்வாறு இருந்தது, மக்கள் எவ்வாறு உடுத்தனர், ஆற்றை எவ்வாறு கடந்தனர் என்பவற்றை அவை கூறா. இவற்றைக் கண்முன் நிறுத்துவன பழைய நிழற்படங்களும் பட அஞ்சலட்டைகளுமே ஆகும்.

நிழற்படக் கலை 1839-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அது தஞ்சையையும் எட்டியது. 1858-ஆம் ஆண்டில் லின்னேயசு டிரைப் என்பார் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டைத் தனித்தனியே படமெடுத்து, இருபத்தொரு படங்களை ஒன்றாய் இணைத்தார். அஞ்சலட்டை 1869-இல் ஆஸ்திரிய-அங்கேரி நாட்டில் தோன்றியது. 1879-இல் காலணா விலையில் இந்தியாவிற்கு வந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஊர்க் காட்சிகளை அச்சிட்ட அட்டைகள் எங்கும் பரவலாயின.

காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. 1954-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் இந்தியாவின் ஆட்சிக்கு வந்தது. அங்குப் பணியாற்றிய பிரெஞ்சு அலுவலர்கள் தாம் கண்ட காட்சிகளைத் தம் நாட்டிலுள்ள உறவினர்க்கு அட்டைகளாக அனுப்பினர். காரைக்கால் பகுதித் தமிழரும் சைகோன் முதலிய இடங்களுக்குப் பிழைப்பு நாடிச் சென்றனர். ஆதலின், இவ்வூரின் பழைய படங்கள் இங்குக் கிடைப்பது அரிதாயிற்று. கடல் கடந்த வீடுகளில் அவை கிடைத்தல் கூடும்.

அத்தகைய அட்டை ஒன்று கிடைப்பின், அதனைப் படிக்கும் முறை அறிதல் வேண்டும். ஏறத்தாழ 1904 வரை பிரெஞ்சு அட்டைகளின் பின்புறத்தில் முகவரி மட்டுமே எழுதலாம். செய்தியைப் படத்தின் ஓரத்திலேயே எழுதினர். பின்புறம் இரு பகுதியாகப் பிரிக்கப்பட்டிருப்பின் அது பிற்பட்டது. அஞ்சல் தலையில் விலை சாந்தீம் கணக்கில் இருந்தால், அது பெரும்பாலும் 1923-க்கு முற்பட்டது. அதன்பின் பணம், காசு என்னும் நம் சொற்களின் திரிபுகளான ஃபனோன், காஷ் என்னும் கணக்கு வந்தது. இங்ஙனம் ஒரு சிறு தாள் தன் வயதைத் தானே கூறும்.

எனினும், அட்டை அச்சிட்டோர் விற்பனையையே கருதினர். துறைமுகம், பெருந்தெரு, கோயில், மாதாகோயில் ஆகியவற்றை அவர்கள் நாடினர். திருநள்ளாற்றுப் பகுதியில் வயல் சூழ்ந்து விளங்கும் சுரக்குடி போன்ற சிற்றூரை நாடி வருவோர் அரியர். மேலும், அவ்வட்டைகளில் காணும் மனிதர்க்குப் பெயர் இல்லை. ‘நெசவாளி’, ‘மாட்டு வண்டிக்காரன்’ எனத் தொழிற்பெயரே அச்சிடப்பட்டிருக்கும். சிற்றூரின் படங்களோ வீடுகளில் உள்ளன. சுவரில் மாட்டிய கண்ணாடிச் சட்டத்திலும், பழைய தகரப் பெட்டியின் அடியிலும் அவை கிடக்கின்றன. அவற்றில் உள்ளோர்க்குப் பெயர் உண்டு. ஆனால், அது முதியவர் ஒருவரின் நினைவில் மட்டுமே உள்ளது.

ஒரு வீட்டில் மணக்கோலத்தில் நிற்கும் இருவர் படம் இருப்பதாகக் கொள்வோம். பேரன் அதனைப் பார்த்து, “இவர்கள் யார், ஆத்தா?” என வினவுகிறான். “என்னைப் பெற்றவர்கள். அந்தப் பட்டுச் சேலைதான் பின்னர் எனக்குத் தூளி ஆயிற்று” என்கிறாள் மூதாட்டி. அவள் மறைந்தபின் அப்படத்தைக் காண்போர்க்கு அவர்கள் யாரோ இருவர், அவ்வளவே.

ஆகவே, படம் திரட்டப் புகுவோர் முதற்கண் முதியோரை நாடுதல் வேண்டும். உரியவரின் இசைவு பெற்று, படத்திற்குப் படியெடுத்துக்கொண்டு, மூலத்தை அன்றே திருப்பித் தருதல் வேண்டும். படத்தில் உள்ளவர் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றைப் பின்புறத்தில் மெல்லிய கரிக்கோலால் எழுதுதல் நலம். மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். பசை தடவி ஒட்டுதலும் ஆகாது.

காலந்தாழ்த்தலும் ஆகாது. கடற்கரை நாட்டில் ஈரக் காற்றும் கரையானும் படங்களை அழிக்கின்றன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை காரைக்கால் கடலோரத்தில் உயிர்களையும் வீடுகளையும் கொண்டு சென்றது; அவ்வீடுகளோடு முன்னோர் முகங்களும் போயின. புதுச்சேரியில் 1955-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில்களைப் பற்றிய ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட படங்களைப் பேணி வருகின்றது. ஆயினும், சுரக்குடியின் ஒரு திண்ணையையும் அதில் அமர்ந்திருந்தவரையும் அவ்வூராரே அடையாளம் காட்ட இயலும்.

படத்தைக் காப்பது பாதிப் பணியே. அதன் பின்புறத்தில் பெயரை எழுதும்போதுதான் அப்பணி நிறைவுறும்.