வெண்சங்கும் வண்ண முகமும்

நுழையும்முன்

புனைகதையில் வரும் வண்ணம் காட்சிக்கு அழகூட்டுவதோடு, ஆசிரியர் வெளிப்படையாகக் கூறாத பொருளையும் சுமந்து நிற்கும். ஒன்றைக் கூறி மற்றொன்றை உணர்த்தும் நெறியைத் தொல்காப்பியம் உள்ளுறை என்கிறது. அதற்கு நெருக்கமான உத்தியை இக்காலத் திறனாய்வாளர் குறியீடு என்பர். சிறுவர்கள் தம் களங்கமின்மையை இழக்கும் கதையொன்றில் வண்ணங்கள் குறியீடாகும் திறத்தை இப்பாடம் விளக்குகிறது.

தீவில் சிறுவர்கள்

இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியக் கடற்படையில் பணியாற்றியவர் வில்லியம் கோல்டிங்; பள்ளி ஆசிரியராகவும் விளங்கியவர். அவருடைய முதல் புதினமான 'லார்ட் ஆஃப் த ஃபிளைஸ்' 1954ஆம் ஆண்டு வெளிவந்தது. போர்க்காலத்தில் வானூர்தி வீழ்ந்து, பெரியவர் எவருமற்ற தீவில் தனித்துவிடப்பட்ட பிரித்தானியச் சிறுவர்களின் கதை இது.

வெளிறும் சங்கு

ரால்ஃப், பிக்கி என்னும் சிறுவர் இருவர் பாலேட்டு நிறத்தில் இளஞ்சிவப்பு படர்ந்த சங்கொன்றைக் கண்டெடுக்கின்றனர். அதன் ஒலி கேட்டு அனைவரும் கூடுகின்றனர். சங்கைக் கையில் ஏந்தியவரே அவையில் பேசலாம் என்பது அவர்கள் வகுத்த விதி. நாள்கள் செல்லச் செல்ல, வெயிலில் சங்கின் நிறம் வெளிறுகிறது. விதியின் மதிப்பும் அவ்வாறே தேய்கிறது.

பூசிய முகம்

பன்றிக்குட்டியைக் கொல்லக் கத்தியை ஓங்கிய ஜாக், முதன்முறை கை தயங்கி நிற்கிறான். உயிரைப் பறிக்க அஞ்சும் மனம் அப்போது அவனிடம் இருந்தது. பின்னர், வேட்டையில் மறைந்திருப்பதற்காக வெண்களிமண், செங்களிமண், கரி ஆகியவற்றை முகத்தில் பூசுகிறான். சிரட்டை நீரில் தன் உருவைக் காண்கிறான். அங்குத் தெரிபவன் வேற்றாள். தன்முகம் மறைந்ததும் நாணமும் அவனைவிட்டு அகல்கிறது. தயங்கிய அதே கை பின்பு தயங்கவில்லை. இறுதியில், சங்கை ஏந்தி நின்ற பிக்கியைச் செம்பாறை ஒன்று உருண்டு வந்து வீழ்த்துகிறது, சங்கும் நொறுங்குகிறது.

வெள்ளுடையின் முரண்

ரால்ஃபைக் கொல்ல மூட்டிய தீயின் புகையைக் கண்டு கப்பல் வருகிறது. கரையில் வெள்ளுடை அணிந்த கடற்படை அதிகாரி நிற்கிறார். சிறுவர்களின் தோற்றம் கண்டு வியக்கும் அவரது இடையிலும் துப்பாக்கி உள்ளது. அவரது கப்பலும் போர்க்கப்பலே. சிறுவர்கள் மீட்கப்பட்டனர், ஆயினும், இழந்ததை எண்ணி ரால்ஃப் அழுகிறான். மாசின்மையைக் குறிப்பதாக நாம் கருதும் வெண்மை இங்கு வன்முறையை மூடும் ஆடையாகிறது. எனவே, வண்ணத்தின் பொருளை முன்கூட்டியே முடிவுசெய்யாது, கதையின் போக்கில் கண்டறிதலே நல்ல வாசிப்பாகும்.

தெரியுமா?

கோல்டிங் 1983ஆம் ஆண்டு இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றார்.

சிந்தனை வினா

ஜாக்கை மாற்றியது முகப்பூச்சா, முன்பே அவனுள் இருந்த இயல்பா? கதைநிகழ்வுகளைக் கொண்டு விளக்குக.