தேகத்தின் காவலும் அதன் சேமநிதியும்

புதுச்சேரியைச் சேர்ந்த கதிர்காமத்திலுள்ள இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி 2020-ஆம் வருஷத்தில் கொரோனா நோயாளிகளின் சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்டது. அந்நோயின் கிருமியை நிச்சயமாய் ஒழிக்கும் மருந்து அப்போது இல்லை. வைத்தியர்கள் பிராணவாயு முதலியன கொடுத்து உயிரைத் தாங்கி நின்றனர். கிருமியை வென்றது நோயாளியின் தேகத்திலேயே அமைந்த எதிர்ப்புச் சக்தியாகும். அது வேலை செய்யும் விதத்தை ஒவ்வொரு குடும்பத்தாரும் அறிந்திருத்தல் அவசியம்.

தேகத்தின் காவல் மூன்று வகைப்படும்.

முதலாவது, தோல் முதலிய புறக்காவல். மூக்கிலும் தொண்டையிலும் ஊறும் சளி கிருமிகளைப் பிடித்து நிறுத்துகிறது. உணவுடன் சென்ற கிருமிகளிற் பலவற்றை இரைப்பையின் அமிலம் கொல்லுகிறது.

இரண்டாவது, இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள். இவற்றிற் சில, உட்புகுந்த கிருமிகளை விழுங்கிவிடும். முள் தைத்த இடம் சிவந்து வீங்குவது இவை அங்கே திரள்வதன் அடையாளம். சீழென்பது பெரும்பாலும் இப்போரில் மடிந்த வெள்ளணுக்களே.

மூன்றாவது, இன்ன கிருமிக்கு இன்ன ஆயுதமென்று ஆராய்ந்து செய்யும் காவல். வெள்ளணுக்களில் ஒரு வகையார், கிருமியின் உருவத்திற்கேற்ற எதிர்ப்பொருளை உண்டாக்குவர். மற்றொரு வகையார், கிருமி புகுந்த அணுக்களையே அழிப்பர். ஆனால் புதிய கிருமியாயின் இவ்வாயுதம் தயாராக ஒரு வாரமோ அதற்கு மேலோ செல்லும். அந்தத் தாமதத்திலேதான் அபாயம் இருக்கிறது. போர் முடிந்தபின், அக்கிருமியை நினைவிற்கொண்ட அணுக்கள் சில நிலைத்திருக்கும். அதே கிருமி மறுபடி வருமாயின், விரைவில் ஆயுதம் புறப்படும். நல்ல சங்கமொன்று கஷ்ட காலத்திற்கென வைத்திருக்கும் சேமநிதி போன்றது இந்நினைவு.

நோயை அனுபவியாமலே இந்நிதியைச் சேர்க்கும் உபாயம் தடுப்பூசி. பசுவம்மையின் பாலைக் குத்தினால் பெரியம்மை தடுக்கப்படுமென்று இங்கிலாந்தின் ஜென்னர் 1796-இல் காட்டினார். அவ்வழியே சென்று, இந்தியாவில் 1975-ஆம் வருஷத்தோடு பெரியம்மை முடிவுற்றது. உலகத்தில் அது ஒழிந்ததென 1980-இல் அறிவிக்கப்பட்டது.

இக்காவல் தனிமனிதனுக்கு மட்டும் உரியதன்று. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் சிசுவிடம் சில மாதங்களில் குறைந்துவிடும். தட்டம்மைக்குரிய முதல் ஊசியோ 9-ஆம் மாதம் முடிந்த பின்னரே போடப்படுகிறது. இடைக்காலத்தில் அச்சிசுவைக் காப்பவர் அண்டை வீட்டாரே. 100 பேரில் ஏறக்குறைய 95 பேர் காப்புப் பெற்றிருந்தால்தான் தட்டம்மை ஊரில் பரவ இடமிராது. ஒருவர் கடன் தவணை தவறினால் நஷ்டம் சங்கம் முழுவதற்கும் நேர்வதுபோல, ஒரு வீட்டார் ஊசித் தவணை தவறினால் துன்பம் அடுத்த வீட்டுத் தொட்டிலில் நேரும்.

ஆகவே அங்கத்தினர்கள் தத்தம் குழந்தைகளின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பார்ப்பாராக. 16 முதல் 24 மாதங்களுக்குள் போடவேண்டிய இரண்டாம் தவணையே பெரும்பாலும் மறக்கப்படுவது. விட்டுப்போயிருப்பின், காலம் கடந்ததென்று வாளாவிராமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் போட்டுக்கொள்ளுதல் நலம்.