ஒளியால் எட்ட முடியாத தூரம்

சென்ற தவணை விடுமுறையில் என் தம்பி ஒரு கேள்வியோடு வந்தான்.

“தாத்தா, ஒளியை விட வேகமா ஒன்றும் போகாது என்று நீங்கதானே சொன்னீங்க? இந்தப் புத்தகத்தில் சில விண்மீன் மண்டலங்கள் ஒளியை விட வேகமா விலகுது என்று போட்டிருக்கே?”

“புத்தகத்தில் பிழை” என்று சொல்லித் தப்பிவிட்டேன். உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கும் எனக்கு அது பிறகு உறுத்தியது. உட்கார்ந்து வாசித்தேன்.

ஒளி ஒரு செக்கனில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் செல்கிறது. திணிவுள்ள பொருளொன்று அந்தக் கதியை எட்ட எல்லையற்ற சக்தி தேவை. ஐன்ஸ்டீன் 1905இல் வெளியிட்ட சிறப்புச் சார்புக் கொள்கையிலிருந்து பெறப்படும் முடிவு இது. 1977இல் ஏவப்பட்ட வொயேஜர் 1 செக்கனுக்குச் சுமார் 17 கிலோமீற்றர் செல்கிறது. சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள நட்சத்திரத்தின் தூரத்தை ஒளி 4¼ ஆண்டுகளில் கடக்கும். வொயேஜருக்கோ சுமார் 75,000 ஆண்டுகள் வேண்டும்.

அப்படியானால் புத்தகம் சொன்னது?

உம்மாவின் தையல் பெட்டியிலிருந்து இலாஸ்டிக் துண்டொன்றை எடுத்து, சென்ரிமீற்றருக்கு ஒன்றாகப் புள்ளிகள் இட்டேன். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இருமடங்காக இழுத்தேன். 1 சென்ரிமீற்றரில் இருந்த புள்ளி 2க்குப் போனது; 5இல் இருந்தது 10க்குப் போனது. தூரத்துப் புள்ளியே வேகமாக விலகியது. ஆனால் எந்தப் புள்ளியும் இலாஸ்டிக்கின் மேல் ஊர்ந்து போகவில்லை.

அண்டமும் இவ்வாறே. தூரம் கூடக் கூட விலகும் வேகமும் கூடுவதை எட்வின் ஹபிள் 1929இல் காட்டினார். ஒவ்வொரு 32.6 இலட்சம் ஒளியாண்டுக்கும் செக்கனுக்குச் சுமார் 70 கிலோமீற்றர் கூடுகிறது. கணக்கிட்டால், ஏறத்தாழ 1,400 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ளவை ஒளியின் கதியையும் விஞ்சி விலகுகின்றன. ஐன்ஸ்டீனின் விதி மீறப்படவில்லை. அவை வெளியினூடாக ஓடவில்லை. இடையிலுள்ள வெளியே விரிகிறது.

இந்த விரிவு வேகமடைந்து வருவது 1998இல் தெரியவந்தது. ஆகவே மிகத் தொலைவிலுள்ள மண்டலத்திலிருந்து இன்று புறப்படும் ஒளி ஒருபோதும் எம்மை வந்தடையாது. முன்பு புறப்பட்ட ஒளியைத்தான் நாம் காண்கிறோம்.

தம்பியிடம் இலாஸ்டிக்கைக் கொடுத்து, “புத்தகம் சரி, நான்தான் பிழை” என்றேன்.

அவன் இழுத்துப் பார்த்துவிட்டு, “அப்ப நம்மட வீடு ஏன் விரியுதில்ல?” என்றான்.

இம்முறை நான் தப்பவில்லை. வீட்டின் அணுக்களை மின்விசை பிணைத்திருக்கிறது. புவியையும் பால்வீதியையும் ஈர்ப்பு பிடித்து வைத்திருக்கிறது. மண்டலக் கூட்டங்களுக்கு இடையிலுள்ள பெருவெளியே விரிகிறது.

தோழியரே, வீட்டில் சிறியவர்கள் கேள்வி கேட்டால் உடனே “பிழை” என்று சொல்லிவிடாதீர்கள். எனக்கு ஒரு பாடமே அதில் இருந்தது.