காக்பிட் விளக்குகளுக்கு எந்த எல்.இ.டி. வாங்கலாம்?

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழக உதவும் ஃப்ளைட் சிமுலேட்டர் புரோகிராம்கள் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரும் எக்ஸ்-பிளேனும் இவற்றில் பிரபலமானவை. கீபோர்டும் மவுஸும் போதாது என்று நினைப்பவர்கள், விமானியின் அறையான காக்பிட்டையே வீட்டில் பிளைவுட்டில் செய்துகொள்கிறார்கள். அலுவலகத்தில் எனக்கு சாஃப்ட்வேர் வேலை. வீட்டில் போயிங் 737-800 விமானத்தின் பேனலைச் செய்வது பொழுதுபோக்கு. அதன் அடையாள விளக்குகளுக்கு எல்.இ.டி. தேர்ந்தெடுப்பது எப்படி என்று இங்கே பார்ப்போம்.

ஒரு சின்ன விளக்குக்கு இவ்வளவு யோசனை தேவையா என்று கேட்கலாம். 1972 டிசம்பர் 29 அன்று இரவு, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401-ஆம் எண் விமானம் அமெரிக்காவின் மியாமி நகரில் இறங்க வந்தது. முன்சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. உண்மையில் சக்கரம் இறங்கித்தான் இருந்தது. விளக்கின் பல்புகள் ஃப்யூஸ் ஆகியிருந்தன. எல்லோர் கவனமும் அந்த விளக்கிலேயே இருந்ததால், விமானம் மெல்ல உயரம் குறைந்து வந்ததை யாரும் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் விழுந்து 101 பேர் இறந்தார்கள். விளக்கு எரிவதற்கு ஒரு பொருள் உண்டு. எரியாமல் இருப்பதற்கும் ஒரு பொருள் உண்டு. நம் வீட்டு காக்பிட்டிலும் இரண்டும் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும்.

நிறம்

விமானத்தில் சிவப்பு என்றால் ஆபத்து, உடனே செயல்பட வேண்டும். ஆம்பர் என்னும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம் என்றால் எச்சரிக்கை. சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டால் பச்சை. 737-ல் எஞ்சினுக்கு எரிபொருள் செல்லும் வால்வுக்கு நீல விளக்கு உண்டு. வால்வு மூடியிருந்தால் அது மங்கலாகவும், நகர்ந்துகொண்டிருந்தால் பிரகாசமாகவும் எரியும்.

கடையில் 'பச்சை' என்று மட்டும் கேட்டால் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று 570 நானோமீட்டர் அளவில் உள்ள பழைய இளம்பச்சை. இதை ஆம்பருக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். மற்றொன்று 525 நானோமீட்டர் அளவில் உள்ள தூய பச்சை. இதையே வாங்குங்கள். ஆம்பருக்கு 590, சிவப்புக்கு 625, நீலத்துக்கு 470 நானோமீட்டர் சரியாக இருக்கும். ஒரு நிறத்துக்குத் தேவையான எல்லா எல்.இ.டி.களையும் ஒரே பாக்கெட்டில் வாங்கினால் நிறம் மாறுபடாது.

லென்ஸ்

கண்ணாடிபோல் தெளிவான எல்.இ.டி., டார்ச் லைட் போல நேராக மட்டும் ஒளி வீசும். பக்கத்தில் இருந்து பார்த்தால் மங்கிவிடும். பால்போல் மங்கலான 'டிஃப்யூஸ்டு' வகை எல்லாப் பக்கமும் ஒளியைப் பரப்பும். பேனலில் நேரடியாகத் தெரியும் விளக்குக்கு இதுவே ஏற்றது. எழுத்து பொறித்த அக்ரிலிக்கின் பின்னால் வைப்பதென்றால் இரண்டு எல்.இ.டி. வையுங்கள், எழுத்து முழுவதும் சீராக ஒளிரும்.

ரெசிஸ்டர்

யு.எஸ்.பி. தருவது 5 வோல்ட். சிவப்பு, ஆம்பர் எல்.இ.டி.க்கு சுமார் 2 வோல்ட் போதும். தூய பச்சைக்கும் நீலத்துக்கும் சுமார் 3 வோல்ட் தேவை. மீதியை ரெசிஸ்டர் ஏற்க வேண்டும். மீதி வோல்ட்டை மின்னோட்டத்தால் வகுத்தால் ரெசிஸ்டர் அளவு கிடைக்கும்.

சிவப்பு, ஆம்பர்: 5-ல் 2 போக 3 வோல்ட். இதை 0.005 ஆம்பியரால் வகுத்தால் 600 ஓம். கடையில் கிடைக்கும் 680 ஓம் போதும். அதன் பட்டைகள் நீலம், சாம்பல், பழுப்பு.

பச்சை, நீலம்: இவை குறைந்த மின்னோட்டத்திலேயே நன்றாக எரியும். மீதி 2 வோல்ட்டை 0.002 ஆம்பியரால் வகுத்தால் 1000 ஓம். பட்டைகள் பழுப்பு, கறுப்பு, சிவப்பு.

ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனி ரெசிஸ்டர் போடுங்கள். பலவற்றுக்குப் பொதுவாக ஒன்றைப் போட்டால், எத்தனை எரிகின்றன என்பதைப் பொறுத்து பிரகாசம் மாறும். நீளமான கால் பாசிட்டிவ் பக்கம்.

கம்ப்யூட்டருடன் இணைப்பு

ஆர்டுயினோ மெகா என்ற சிறிய போர்டை யு.எஸ்.பி.யில் செருகி, மோபிஃப்ளைட் என்ற இலவச புரோகிராம் மூலம் சிமுலேட்டருடன் இணைக்கலாம். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. போர்டின் ஒரு பின்னுக்கு 20 மில்லி ஆம்பியருக்கு மேலும், எல்லாப் பின்களுக்கும் சேர்த்து 200 மில்லி ஆம்பியருக்கு மேலும் போகக் கூடாது. நீல விளக்கை, பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் பி.டபிள்யூ.எம். வசதியுள்ள பின்னில் இணையுங்கள்.

737 பேனலில் எல்லா விளக்குகளையும் ஒரே நேரத்தில் எரியவிடும் டெஸ்ட் சுவிட்ச் ஒன்று உண்டு. நீங்களும் கட்டாயம் வையுங்கள். எந்த விளக்கு கெட்டுவிட்டது, எது அணைந்திருக்க வேண்டியதால் அணைந்திருக்கிறது என்பதைப் பறப்பதற்கு முன்பே அது காட்டிவிடும். மின் கணக்கையும் அந்த நேரத்துக்கே போட வேண்டும். 680 ஓம் போட்ட சிவப்பு, ஆம்பர் விளக்கு ஒன்று சுமார் 4.4 மில்லி ஆம்பியர் எடுக்கும். அத்தகைய 40 விளக்குகள் ஒன்றாக எரிந்தால் 176. எல்லைக்குள் இருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் எல்.இ.டி. டிரைவர் சிப்பும் தனி 5 வோல்ட் சப்ளையும் தேவை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். லேண்டிங் கியருக்கான 3 பச்சை, 3 சிவப்பு விளக்குகளில் தொடங்குங்கள். சக்கரம் இறங்கும்போது சிவப்பு எரிந்து, பூட்டியதும் அணைந்து பச்சை வர வேண்டும். மேலே ஏறி முடிந்ததும் ஆறும் அணைய வேண்டும். இது சரியாக நடந்தால் மற்ற விளக்குகளுக்கும் இதே முறைதான்.