குழந்தைக்கு இரண்டு கூடை



தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது நம் பெரியோர் வாக்கு. ஜெபம் சொல்லவும், கை கழுவவும், பெரியவரைக் கண்டால் எழுந்து நிற்கவும் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே பழக்குகிறோம். குப்பையைப் பிரித்துப் போடுவதையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டும். அங்கன்வாடியிலும் பாலர் வகுப்பிலும் ஆசிரியைமார் இதைக் கற்றுக்கொடுத்தால் மட்டும் போதாது. பாடம் நிலைப்பதும் அழிவதும் நம் அடுப்படியில்தான்.

1. ஏன் பிரிக்க வேண்டும்?

இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வீடுகளின் குப்பை, ஏறக்குறைய 350 ஏக்கர் பரப்புள்ள கொடுங்கையூர்க் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்து வந்திருக்கிறது. சோறும் தோலும் பிளாஸ்டிக்கோடு கலந்து காற்றுப் புகாமல் புதைந்தால், அழுகி மீத்தேன் என்னும் வாயு உண்டாகிறது. அது எளிதில் தீப்பற்றும். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் நம் பிள்ளைகளே. மழை பெய்தால் அழுகல் நீர் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுக்கிறது.

அங்கே பல ஆண்டுகளாகக் குவிந்ததைத் தோண்டிச் சலித்துப் பிரிக்க, மாநகராட்சி சுமார் 640 கோடி ரூபாய்த் திட்டத்தை மேற்கொண்டது. வீட்டிலே நாலு வயதுக் குழந்தை செலவின்றிப் பிரித்திருக்கக் கூடியதைப் பிரிக்க இத்தனை கோடி வேண்டியிருக்கிறது!

2. சிறு பிள்ளை எப்படிக் கற்கிறது?

இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ஆம் ஆண்டு ரோமாபுரியில், சான் லொரென்சோ என்னும் தொழிலாளர் பகுதியில் தமது முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிப்பாரின்றி இருந்த பிள்ளைகளுக்காக ஏற்பட்டது அது. நம் துறைமுகப் பகுதிக்கும் அந்த நிலைமை புதிதல்ல. அவர் 1939-இல் நம் சென்னைக்கே வந்து, அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார்.

அவர் முறையிலே குழந்தைக்குப் பிரசங்கம் இல்லை. அதன் உயரத்துக்கேற்ற சிறு துடைப்பம், சிறு வாளி, சிறு மேசை உண்டு. பெருக்குவதும், தூசி துடைப்பதும், செடிக்கு நீர் ஊற்றுவதுமே பாடம். கை செய்ததை மனம் பற்றிக்கொள்கிறது. ஆகையால், "பூமியைக் காப்பாற்று" என்று நாலு வயதுப் பிள்ளையிடம் சொல்வதில் பிரயோசனம் குறைவு. "இந்தத் தோலைப் பச்சைக் கூடையில் போடு கண்ணு" என்றால் அதற்கு விளங்கும்.

3. வீட்டில் செய்ய வேண்டியவை

பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இரண்டு கூடைகள் வையுங்கள். பச்சையில் வாழைப்பழத் தோல், காய்கறிக் கழிவு, முட்டை ஓடு, மிஞ்சிய சோறு. நீலத்தில் காகிதம், அட்டை, கழுவிய பால் கவர், பாட்டில், டப்பா. பிளேடு, ஊசி, மருந்து, பேட்டரி, உடைந்த கண்ணாடி, குழந்தையின் டயாப்பர் ஆகியவற்றைப் பெரியவர்களே தனியாக எடுத்து வைக்க வேண்டும். பிள்ளை அவற்றைத் தொடலாகாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் செய்யுங்கள்.

சனிக்கிழமை பிள்ளையைக் காயலான் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். சாம்பார் பட்ட காகிதத்தை அவர் தள்ளிவிடுவதையும், உலர்ந்ததை எடைக்கு எடுப்பதையும் அது கண்ணால் பார்க்கட்டும். இரும்பையும் கண்ணாடியையும் உருக்கித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். காகிதத்தின் நாரோ ஒவ்வொரு முறையும் குட்டையாகிறது. பல அடுக்குள்ள பிஸ்கட் உறையை மறுபடி பயன்படுத்துவது மிகக் கடினம். ஆகவே குப்பையைக் குறைப்பதே முதற்காரியம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போகையில் பாத்திரமும், கடைக்குப் போகையில் மஞ்சப்பையும் கொண்டுபோங்கள். பையைப் பிள்ளையே தூக்கி வரட்டும்.

4. நாம் விலக்க வேண்டியவை

பிள்ளை பிரித்து வைத்ததை, அவசரத்தில் அதன் கண்ணெதிரே ஒரே பையில் கொட்டிவிடாதீர்கள். பள்ளியில் சொன்னது வெறும் விளையாட்டு என்று அது முடிவு கட்டிவிடும். "படிக்காவிட்டால் குப்பை அள்ளத்தான் போவாய்" என்று மிரட்டுவதையும் விட்டுவிடுங்கள். நம் குப்பையைத் தம் கையால் தொடுகிறவர் தூய்மைப் பணியாளர். கலந்து போட்ட கண்ணாடி அவர் கையைத்தான் கிழிக்கும். கூடையைக் கொடுக்கும்போது "அக்கா", "அண்ணா" என்று மரியாதையாய் அழைக்கப் பிள்ளைக்குப் பழக்குங்கள்.

2015-இல் பாப்பரசர் பிரான்சிஸ் எழுதிய ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலும் குப்பை பிரிப்பது போன்ற சிறு செயல்களை அற்பமாக எண்ணவில்லை. ஒழுங்கும் சுத்தமும் முதலில் பழகுமிடம் குடும்பமே என்று அது உணர்த்துகிறது.

5. ஒரு நியாயமான கேள்வி

"2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரமெங்கும் எண்ணெய் படிந்து, படகும் வலையும் கறுத்துப் போயினவே, வீட்டுக் கூடையால் அதைத் தடுத்திருக்க முடியுமா?" என்று சிலர் கேட்கலாம். முடியாது. ஆலைக் கழிவுக்கு ஆலையும் அரசும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பாரத்தைக் குழந்தையின் தலையில் ஏற்றக் கூடாது. ஆயினும், தான் போட்டதற்குத் தானே பொறுப்பு என்று நாலு வயதில் பழகிய பிள்ளை, வளர்ந்தபின் ஆலையில் வேலை செய்தாலும், அதிகாரியாய் அமர்ந்தாலும், "இந்தக் கழிவு எங்கே போகிறது?" என்று கேட்காமல் இராது.

பிள்ளைகளுக்கான வினா விடை

வினா: வாழைப்பழத் தோல் எந்தக் கூடைக்கு?
விடை: பச்சைக் கூடைக்கு. அது மக்கி உரமாகும்.

வினா: காகிதம் எந்தக் கூடைக்கு?
விடை: நீலக் கூடைக்கு. நனையாமல் வைக்க வேண்டும்.

வினா: பிளாஸ்டிக்கை எரிக்கலாமா?
விடை: கூடாது. அதன் புகை விஷம்.

வினா: கீழே ஊசி கிடந்தால் என்ன செய்வாய்?
விடை: தொடமாட்டேன். அம்மாவையோ அப்பாவையோ கூப்பிடுவேன்.

இவ்வாரம் தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இவற்றைப் பிள்ளையிடம் ஒருமுறை கேளுங்கள். பிறகு இரண்டு கூடைகளையும் பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள்.