குத்துச்சண்டை பழகப் போகிறீர்களா?

புதிதாகச் சேருபவர்கள் முதல் மாதத்தில் கவனிக்க வேண்டியவை:

• இதயநோய், ரத்த அழுத்தம், தலையில் பழைய அடி இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

• கிளவுஸ் மாட்டும் முன் கையில் துணிப்பட்டை சுற்றுவது கட்டாயம். பெரியவர்களுக்கு 4.5 மீட்டர் பட்டை சரியாக இருக்கும். மணிக்கட்டையும் விரல் முட்டிகளையும் நன்றாகச் சுற்றுங்கள். விரல் மரத்துப்போனால் அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள்.

• கட்டைவிரலை முஷ்டிக்குள் மடக்காதீர்கள், எலும்பு முறியலாம். அது மற்ற விரல்களுக்கு வெளியே இருக்கட்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில் அடி விழ வேண்டும்.

• வலக்கைக்காரர்கள் இடதுகாலை முன்வைத்து, பின்காலின் குதிகாலை லேசாகத் தூக்கி நில்லுங்கள். தாடை தாழ்ந்திருக்கட்டும். முதலில் காலசைவு, பிறகு முன்னால் இருக்கும் கையால் விடும் குத்தான ‘ஜாப்’ எனப் பழகுங்கள்.

• 3 நிமிடம் ஸ்கிப்பிங், 1 நிமிடம் ஓய்வு என்று ஆடுங்கள். போட்டிச் சுற்றின் கணக்கும் இதுதான்.

• ஈர கிளவுஸைப் பைக்குள் திணிக்காதீர்கள்; நாற்றமெடுக்கும். வாயைத் திறந்து காற்றாட வையுங்கள்.

• பயிற்சியாளர் சொல்லும்வரை எதிராளியோடு மோத வேண்டாம். மோதும்போது பல்காப்பும் தலைக்கவசமும் அவசியம். அடிபட்டபின் தலைசுற்றலோ வாந்தியோ வந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.