வரி சமரசத்தை மறுத்தால் நீதிமன்றம் போகலாமா?

கேள்வி: அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். வருமான வரி பாக்கியைக் குறைந்த தொகைக்கு முடித்துக்கொள்ள வரித் துறையான ஐ.ஆர்.எஸ்ஸிடம் விண்ணப்பித்தேன். நிராகரித்துவிட்டார்கள். நீதிமன்றம் போனால் ஏற்கச் சொல்லி உத்தரவு கிடைக்குமா?

பதில்: அநேகமாகக் கிடைக்காது. கையில் இருப்பது நிராகரிப்புக் கடிதம் மட்டும் என்றால், 30 நாளுக்குள் ஐ.ஆர்.எஸ்ஸின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம்; அதோடு சரி. சொத்தின் மீதான நடவடிக்கை பற்றி அறிவிப்பு வந்து, அதில் குறித்த கெடுவுக்குள் நீங்கள் ஐ.ஆர்.எஸ்ஸிடம் விசாரணை கேட்டு, அங்கே முன்வைத்த சமரசமும் மறுக்கப்பட்டால்தான் வரி நீதிமன்றத்தின் கதவு திறக்கும். 1998ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வழி இது. உள்ளே போன பிறகும் உங்கள் தொகை நியாயமானதா என்று நீதிபதி கணக்குப் போடுவதில்லை. அதிகாரி தன்னிச்சையாகவோ, ஆதாரமின்றியோ, சட்டத்துக்கு மாறாகவோ முடிவெடுத்தாரா என்று மட்டுமே பார்ப்பார். சமரசம் செய்யும் அதிகாரத்தைச் சட்டம் துறைக்குக் கொடுத்திருக்கிறது; வரி கட்டுபவருக்கு அதை உரிமையாக்கவில்லை. பங்கு விலை சரிந்து கைக்கு வராமலே போன லாபத்துக்காக வரியில் சிக்கிய ஒரு தம்பதியின் வழக்கிலும், 2006இல் எட்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் நிராகரிப்பு செல்லும் என்றே சொன்னது. கடுமையான தீர்ப்புதான், ஆனால் அந்தக் கடுமை சட்டத்திலேயே இருக்கிறது.

அப்படியானால் இந்த மறுஆய்வு வெறும் கண்துடைப்பா என்று கேட்பீர்கள். இல்லை. கொடுத்த ஆவணத்தை அதிகாரி பார்க்காமல் விட்டிருந்தாலோ, கணக்கில் தவறியிருந்தாலோ, முடிவுக்குக் காரணம் காட்டாதிருந்தாலோ நீதிமன்றம் விஷயத்தைத் திருப்பி அனுப்பலாம். ஆகவே உங்கள் வழக்கை நீங்கள் நடத்த வேண்டிய இடம் அதிகாரியின் கோப்புதான். மருத்துவச் செலவு, வேலை இழப்பு, கடன் எல்லாவற்றுக்கும் ரசீதோடு எழுத்தில் கொடுங்கள். தமிழ்நாட்டில் உங்கள் பேரில் உள்ள வீடு, நிலத்தையும் படிவத்தில் காட்டியாக வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள், அல்லது மறந்ததாகச் சொல்கிறார்கள். முதல், எட்டாம், ஒன்பதாம் வட்ட நீதிமன்றங்கள் கோப்பில் உள்ளதை மட்டுமே பார்க்கலாம் என்கின்றன. நியூ ஜெர்சி அந்த வட்டங்களில் இல்லை என்பதற்காக ஆதாரத்தைப் பிறகு காட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். விசாரணை முடிவின் தேதியிலிருந்து 30 நாளுக்குள் வரி நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இந்தக் கெடுவைத் தளர்த்தலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதை நம்பி ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.